மிச்ச இடத்தில் வந்த பாட்டு

காது பழகிய கதை: புதுவைக் கிராமங்கள் பாட்டு கேட்ட வரலாறு – 17

சென்ற இதழில் ரேடியோ செட்காரர்களைப் பார்த்தோம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேருக்கும், பாகூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் தீமிதிக்கும் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அடுத்தது முருகனுக்கு, அதற்குப் பிறகுதான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் என்று வரிசை வைத்துப் போட்டவர்கள் அவர்கள். அந்த வரிசையை யாரும் எழுதி வைத்ததில்லை. மாற்றிப் போட்டால் ஊர் சும்மா விடாது, அவ்வளவுதான். அந்த வரிசைக்குள் அடங்காத ஒரு சத்தம் இந்த ஊர்களுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இந்த இதழில் பார்க்கலாம். உடைந்து உறுமும் எலக்ட்ரிக் கிதார், மூச்சு விடாத டிரம்ஸ், தொண்டை கிழியப் பாடும் குரல். ராக், மெட்டல், ஆல்டர்நேட்டிவ் என்று பல பெயரில் அழைக்கப்படும் இசை.

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கடற்கரைச் சாலை, பிரெஞ்சுப் பெயர் தாங்கிய வீதிகள், 1968-இல் தோன்றிய ஆரோவில், பிரான்ஸ் 1982-இல் தொடங்கிவைத்து இங்கேயும் ஜூன் 21-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் இசைத் திருவிழா. மேற்கத்திய இசை இங்கிருந்துதான் சுற்றுக் கிராமங்களுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வில்லியனூர் நகரத்திலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர், பாகூர் இருபது. தூரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ராத்திரி கச்சேரி முடிந்து, கடைசி பஸ்ஸும் போன பிறகு ஊர் திரும்ப ஒரு வண்டி வேண்டும். அதைவிட, அந்தக் கூட்டத்தில் நமக்கும் இடமுண்டு என்ற தைரியம் வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்குப் பத்து கிலோமீட்டர் என்பது பெரிய தூரம்.

என் கணிப்பு வேறு. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு ராக் வந்தது கேசட் கடை வழியாக, சினிமா வழியாக, பிறகு செல்போன் ரீசார்ஜ் கடை வழியாக. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் பாட்டுகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தினார். தெரிந்த பாட்டுக்குப் பக்கத்தில் தெரியாத பாட்டை உட்கார வைத்தார். இன்று ப்ளேலிஸ்ட் என்று உலகம் முழுக்கப் பேசப்படும் சங்கதி இதுதான். அதற்கு இங்கே முப்பது நாற்பது வருடப் பழக்கம் உண்டு என்பதைச் சொல்லவே இந்த அத்தியாயம்.

பாட்டைக் கோக்கும் கலையைப் பெரிய அளவில் முதலில் நமக்குக் காட்டியது கொழும்பு. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். நேயர்கள் ரேடியோ சிலோன் பக்கம் போனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய வலுவான டிரான்ஸ்மிட்டர் அந்த நிலையத்தின் கையில் இருந்தது. புதுவையிலோ அப்போது பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1-இல்தான் நிர்வாகம் கைமாறியது. புதுச்சேரிக்கென்று வானொலி நிலையம் வந்தது 1967-இல். 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கி டில்லி தன் பிடிவாதத்தைத் தளர்த்திய பிறகும், கொழும்பைக் கேட்டுப் பழகிய காதுகள் அதை விடவில்லை.

காரணம் அறிவிப்பாளர்கள். எஸ்.பி. மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. ஒரு பாட்டு ஏன் அடுத்த பாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதற்கு அவர்களிடம் ஒரு சொல், ஒரு சிலேடை, ஒரு செய்தி இருக்கும். அந்தப் பேச்சை நம்பி, கேட்டறியாத பாட்டையும் நேயர் முழுக்கக் கேட்டார். அதே நிலையத்தின் ஆங்கிலச் சேவையில் வெர்னன் கொரயா போன்றவர்கள் மேல்நாட்டுப் பாப் பாட்டுகளைத் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தார்கள். தமிழ் நிகழ்ச்சியைத் தேடி டயலைத் திருப்புகிற விரல் வழியில் கிதார் சத்தம் ஒன்றைக் கடந்து போகும். பெரும்பாலும் நிற்காது. நம் மொழியில் அதை அறிமுகம் செய்துவைக்க அங்கே ஆளில்லை.

அந்த ஆள் கிடைத்தது எண்பதுகளில். ரெக்கார்டிங் சென்டர் என்று பலகை மாட்டிய சின்னக் கடை. தமிழ்நாட்டு ஊர்களைப் போலவே புதுவைக் கொம்யூன்களின் கடைத்தெருக்களிலும் அந்தக் கடை ஒரு கூடும் இடம். சுவரெல்லாம் எல்.பி. ரெக்கார்டு அட்டைகள், மேசையில் டபுள் டெக், கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய டி.டி.கே., சோனி, மெல்ட்ராக் எம்ப்டி கேசட்டுகள். நீங்கள் கோடு போட்ட தாளில் பாட்டுகளின் முதல் வரியையும் படத்தின் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்கோ மறுநாளோ வந்தால் உங்களுக்கென்று பதிந்த கேசட் தயார். அட்டையின் உள்பக்கம் கடைக்காரரின் கையெழுத்தில் ஏ சைடு, பி சைடு என்று பட்டியல். பதிந்ததை யாரும் தவறி அழித்துவிடாமல் இருக்க கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை அவரே உடைத்துக் கொடுத்திருப்பார்.

இது சட்டப்படியான தொழில் அல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் திருத்தம் கொண்டுவந்து திருட்டுப் பதிவுக்கான தண்டனையைக் கூட்டினார்கள். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அந்தக் கேசட்டிலிருந்து ஒரு பைசா போகவில்லை. ஆனாலும் கேட்டவர்களின் வரலாற்றை எழுதும்போது அந்தக் கடையைத் தாண்டிப் போக முடியாது.

இப்போது அந்த டெக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்போம். சி-60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், சி-90 என்றால் நாற்பத்தைந்து. தமிழ் சினிமாப் பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்தால் சி-60-இன் ஒரு பக்கத்தில் ஆறு பாட்டு அடங்கும். ஆறும் முடியும்போது இரண்டு மூன்று நிமிட நாடா மிச்சம் நிற்கும். ஏழாவது பாட்டை அதில் ஏற்றினால் சரணத்தின் நடுவில் அறுந்துபோகும், வாங்கிப் போனவர் சண்டைக்கு வருவார். காலியாக விட்டாலோ, “காசு கொடுத்த டேப் சும்மா ஓடுதே அண்ணா” என்பார். ஆகவே அந்தச் சந்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏதாவது வைப்பார். பாட்டே இல்லாத வாத்திய இசை என்றால் வசதி, ஏனென்றால் எங்கே நின்றாலும் உறுத்தாது. இரண்டே நிமிடத்தில் முடியும் வென்ச்சர்ஸ் குழுவின் ‘வாக், டோன்ட் ரன்’ மாதிரியான கிதார் வாசிப்பு அந்த இடத்துக்கு அளவெடுத்துச் செய்தது. மைக்கேல் ஜாக்சன், போனி எம் பாட்டின் ஒரு துண்டும் வரும்.

இளையராஜா கேட்கப் போனவர் வீட்டில் ராக் கிதார் ஒலித்தது இப்படித்தான். அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் முந்தின பாட்டு அவருக்கு மனப்பாடம். பக்கத்தைத் திருப்பிப் போடும் முன் அந்த இரண்டு நிமிடம் ஓடத்தான் செய்யும். பத்து முறை ஓடினால் பதினோராவது முறை அது தெரிந்த பாட்டு. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, “அந்தக் கடைசியில போட்டீங்களே, அது என்ன பாட்டுண்ணா, அது மாதிரி இன்னும் இருக்கா?” என்று கேட்பவர் நூற்றில் ஒருவர்தான். அந்த ஒருவரிலிருந்துதான் நம் கதை நகர்கிறது.

மெட்டலுக்கு இந்தச் சந்தில் இடமில்லை. நீளம் பெரிய தடை. மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ 1986-இல் வந்தது. எட்டரை நிமிடம், அதாவது சி-60-இன் ஒரு பக்கத்தில் கால் பங்குக்கும் மேல். யாராவது கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் பதிவார்கள். அதைக் கேட்டு எழுத வேண்டுமானால் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாததால் மெட்டல் இன்னும் இருபது வருடம் வெளியிலேயே நின்றது.

அந்த இசை இந்த மண்ணுக்கு அந்நியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பிறந்த இடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊரான பர்மிங்காம். தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு 17 வயதில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரரான அவருக்குக் கிதார் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்த எளிதாக மெல்லிய தந்திகளைப் போட்டார். அந்தக் கனத்த, இருண்ட ஒலியில்தான் 1970 பிப்ரவரி 13-இல் அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. ரோடியர் மில்லுக்கு ஷிஃப்ட்டுக்குச் சைக்கிள் மிதித்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புரியாமல் போகாது. சத்தம் என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தீமிதிக்கு முந்தைய ராத்திரி, பம்பையும் உடுக்கையும் உச்சத்தில் ஏற, கூத்தில் துரியோதனன் தொண்டையைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கு எந்த மெட்டலும் பயம் தராது.

சினிமா இடையில் செய்த வேலை பெரிது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி, பேஸ் கிதாரையும் எலக்ட்ரிக் கிதாரையும் கிராமத்து மெட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். 1992-இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர். ரஹ்மான், படங்களுக்கு வருமுன் சென்னையில் நெமசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் வாசித்தவர். 2003-இல் வந்த ஷங்கரின் ‘பாய்ஸ்’ ஓர் இளைஞர் இசைக்குழுவின் கதை. 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது கையில் கிதாரோடு நின்ற சூர்யாவைப் பார்த்துக் கிதார் வாங்க ஆசைப்பட்ட பையன்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள், வாங்கியவர்கள் குறைவு. ஆனால் டிஸ்டார்ஷன் போட்ட கிதார் எப்படி ஒலிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

நகரத்து மாணவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. அமித் சைகல் 1993-இல் அலகாபாத்தில் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையும் அது வெளியிட்ட தொகுப்புகளும் இந்தியக் குழுக்களை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. தில்லி, மும்பையை விட்டு அலகாபாத்திலிருந்து அது கிளம்பியது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு பெங்களூரு வந்தது. 2009-இல் ஸ்வீடனின் ஓபெத் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் வாசித்தது. 2011 அக்டோபர் 30-இல் மெட்டாலிக்கா பெங்களூரு அரண்மனை மைதானத்தில். இதற்குள் கிருமாம்பாக்கம், மதகடிப்பட்டுப் பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரிகள் வந்திருந்தன. விடுதி அறைகளில் ஹார்ட் டிஸ்க் கைமாறியது. வெளியூர் மாணவர்கள் கொண்டுவந்தது உள்ளூர்ப் பையன்களின் செல்போனுக்குள் புளூடூத்தில் இறங்கியது.

அந்தச் செல்போனிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏறக்குறைய 2008-லிருந்து 2016 வரை, நம் கிராமங்களில் பாட்டுக் கடை என்பது ரீசார்ஜ் கடைதான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர், மேசையில் கண்ணாடிக்கு அடியில் டாப்-அப் கட்டண அட்டை. விரல்நகம் அளவு மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். இரண்டு ஜிபி கார்டில் நானூறு பாட்டு தாராளமாகப் பிடிக்கும். நானூறு பாட்டை யார் எழுதிக் கொடுப்பது? அதனால் பேச்சு இப்படிப் போகும்: “அண்ணா, இளையராஜா ஒரு நூறு, புதுப்பாட்டு ஒரு நூறு, குத்து கொஞ்சம், அம்மன் பாட்டு கொஞ்சம். மிச்சம் நீங்களே போட்டுடுங்க.”

கேசட் காலத்தில் இரண்டு நிமிடமாக இருந்த மிச்ச இடம் இப்போது நூறு பாட்டு அளவுக்கு விரிந்துவிட்டது. கடைக்கார அண்ணன் ‘இங்கிலீஷ்’ என்ற ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுவார். அதற்குள் மைக்கேல் ஜாக்சன், ஷகீரா, அவர்களுக்கு நடுவே லிங்கின் பார்க். 2000 அக்டோபரில் வந்த ‘ஹைப்ரிட் தியரி’ ஆல்பத்தின் ‘இன் தி எண்ட்’, 2003-இன் ‘நம்ப்’. கனமான கிதார் மேல் பேச்சுப் போன்ற ராப், அதன்மேல் செஸ்டர் பென்னிங்டனின் உடைந்த குரல். வார்த்தை பாதி புரியாமலே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். 2017 ஜூலை 20-இல் அவர் இறந்தபோது, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசத் தயங்கும் பையன்கள் வாட்ஸ்அப்பில் அவர் படத்தை வைத்திருந்ததற்கு அந்த ஃபோல்டர்தான் காரணம்.

அதில் ஒரு குறையும் உண்டு. பல கோப்புகளுக்குப் பெயர் இருக்காது. ‘டிராக் 07’ என்று மட்டும் இருக்கும். பாடியது யார், எந்த ஆல்பம், எந்த ஊர்க் குழு, எதுவும் தெரியாது. பிடித்த பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போக வழி இல்லாமல் அங்கேயே நின்றுபோன காதுகள் எத்தனையோ. கேசட் கடைக்காரராவது அட்டையில் தன் கையால் பெயர் எழுதினார். மெமரி கார்டு அளவைக் கூட்டியது, பெயரை அழித்தது. இதை இந்தக் காலத்தின் பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன்.

2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபிக்கு இருநூற்றைம்பது ரூபாய் அளவில் இருந்த டேட்டா சில மாதங்களுக்கு இலவசமானது. ரீசார்ஜ் கடையின் கார்டு ரீடர் தூசி பிடித்தது. பாட்டை வரிசைப்படுத்தும் வேலை கடையிலிருந்து இயந்திரத்துக்குப் போனது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது, அடுத்த மாதமே யூடியூப் மியூசிக்.

இயந்திரம் பாட்டைப் பரிந்துரைக்கும் முயற்சி அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது. 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உபேந்திர ஷர்தானந்தும் பேட்டி மேஸும் ரிங்கோ என்ற ஒன்றை நடத்தினார்கள். இணையப் பக்கங்கள் பரவாத காலம், எல்லாம் மின்னஞ்சலில். 125 கலைஞர்களின் பட்டியலை அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஏழுக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டு அனுப்ப வேண்டும். உங்களைப் போலவே மதிப்பெண் போட்ட இன்னொருவருக்குப் பிடித்து, நீங்கள் இன்னும் கேட்காத ஒன்றை அது உங்களுக்குச் சொல்லும். இன்றைய பரிந்துரைகளின் அடிப்படை இதுவே. ரசனை ஒத்த மனிதர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் அறிந்ததை நமக்குத் தருவது.

2015 ஜூலையில் ஸ்பாட்டிஃபை ‘டிஸ்கவர் வீக்லி’ என்று ஒன்றைத் தொடங்கியது. திங்கள்கிழமைதோறும் முப்பது பாட்டு, ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டியல். அதன் கணக்கு எதை வைத்து நடக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். கோடிக்கணக்கான மனிதர்கள் தங்களுக்காகப் போட்டுவைத்த ப்ளேலிஸ்டுகளை அது படிக்கிறது. எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டு அடிக்கடி வருகிறது என்று பார்க்கிறது. ஆக, இயந்திரத்துக்கு ஆசான் மனிதர் போட்ட வரிசை.

அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் ஓகில் சொன்ன செய்தி ஒன்று உண்டு. முப்பதும் புதிய பாட்டாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் திட்டம். ஆனால் நிரலில் ஒரு பிழை புகுந்து, நேயர் ஏற்கெனவே கேட்ட சில பாட்டுகளும் உள்ளே வந்துவிட்டன. கண்டுபிடித்துத் திருத்தினார்கள். திருத்தியதும் அந்தப் பட்டியலைக் கேட்பது குறைந்துபோனது. கொஞ்சம் தெரிந்த பாட்டு கலந்திருந்தால்தான் தெரியாததை மக்கள் நம்பிக் கேட்கிறார்கள் என்று அப்போது அவர்களுக்குப் புலப்பட்டது. கடைத்தெருக் கேசட் கடையில் ஆறு பாட்டுக்குப் பின்னால் ஒரு கிதாரை வைத்த மனிதருக்கு இது தெரியும். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

இயந்திரத்தின் பட்டியலில் நம் ஊர்களுக்கு என்ன சிக்கல் என்றால், அது ஒரு போனை ஒரு மனிதன் என்று எண்ணுகிறது. பாகூரில் பல வீடுகளில் பாட்டுக்கென்று இருப்பது ஒரே போன், ஒரே கணக்கு. விடியற்காலை அம்மா சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் கேட்கிறார். பகலில் அப்பாவுக்கு டி.எம்.எஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல் காதில் மாட்டிக்கொண்டு பையனோ பெண்ணோ மெட்டல் கேட்கிறார்கள். இந்த மூவரையும் ஒரே ஆளாகக் கணக்கிட்டு அது ஒரு பட்டியல் போடுகிறது. கடைக்கார அண்ணனுக்கு இந்தக் குழப்பம் வராது. இது யார் வீட்டுக் கார்டு, யாருக்கு எது என்று அவருக்குத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் ஒரு பெரிய நிகழ்ச்சி சில சமயம் எந்தப் பட்டியலும் செய்யாததைச் செய்துவிடும். 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. சேன் நதிக்கரையில், மரி அந்துவானெத் சிறைவைக்கப்பட்டிருந்த கோன்சியர்ஜரி கட்டடத்தின் சாளரங்களில் நின்று கொஜிரா என்ற பிரெஞ்சு மெட்டல் குழு வாசித்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாட்டு ஒன்றை மெட்டலாக்கி, ஆபெரா பாடகி மரினா வியோட்டியோடு சேர்ந்து. அந்தப் பதிவுக்கு 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் கிடைத்தது. பிரான்சில் அண்ணனோ அத்தையோ இருக்கும் புதுவைக் குடும்பங்கள் கொஞ்சமல்ல. அவர்களுக்காக விழா பார்த்தவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், பாட்டி பேரன் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மெட்டல் ஒலித்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்தவை அவர்களுக்குப் புரிந்த கொண்டாட்டங்கள், கொடிகள், படகுகள். இங்கேயும் வேலை செய்தது, தெரிந்ததற்குப் பக்கத்தில் கிடைத்த இடம்தான்.

தமிழர்களே இந்த இசையில் செய்ததைத் தேடிக் கேட்பவர்களுக்குக் கிடைக்கக்கூடியது கொஞ்சமல்ல. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா, தமிழ் வம்சாவளியினரான கதிர், சிவா முதலியோர் நடத்திய குழு. 1998-இல் முதல் ஆல்பம், பிறகு உபநிடதங்களைப் பொருளாகக் கொண்டு ‘பிரம்மவித்யா’ வரிசையில் மூன்று. அவர்கள் இசையை வேதிக் மெட்டல் என்று உலகம் அழைக்கிறது. சென்னையில் 2018 ஜனவரி 6-இல் முதன்முதலில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாவையும் பறையையும் சட்டியையும் ராக் கிதாரோடு ஒரே மேடையில் நிறுத்தினார்கள். அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து பெயர் வைத்துக்கொண்ட குழு. கானா அறிந்த வில்லியனூர்க் காதுக்கு ராக்குக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். ஆனால் ‘ராக்’ என்று தேடினால் இயந்திரம் முதலில் நீட்டுவது லண்டனையும் லாஸ் ஏஞ்சலீஸையும்தான். தமிழ்ப் பாட்டு என்றால் அது சினிமாப் பாட்டு என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கற்றுக்கொடுத்தது நம் பட்டியல்கள்தான்.

இதில் காசும் இருக்கிறது. பாட்டு முப்பது வினாடியாவது ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஒரு தடவை என்று எண்ணும். மெட்டல் பாட்டுகளில் முன்னிசையே ஒரு நிமிடம் போகும். பொறுமையில்லாதவர் அதற்குள் தாவிவிடுவார். 2024-இன் தொடக்கத்திலிருந்து இன்னொரு விதியும் வந்தது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. குறைந்தபட்சம் இத்தனை வெவ்வேறு பேர் கேட்டிருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு, அந்த எண்ணை அவர்கள் வெளியே சொல்வதில்லை. பெரிய நட்சத்திரங்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. கடலூரிலோ புதுவையிலோ வீட்டு அறையில் பதிவு செய்து ஒரு பாட்டை வெளியிடும் நாலு பேர் கொண்ட குழுவுக்கு இது வாழ்வா சாவா. ஐம்பது பேர் மாதம் இரண்டு முறை கேட்டால் ஆண்டுக்கு 1,200. கிருமாம்பாக்கம் கல்லூரிப் பஸ் ஒன்றில் உட்கார்ந்து போகும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அந்த ஐம்பது. அவர்களில் ஒருவர் தன் ப்ளேலிஸ்டில் அனிருத்துக்கும் சந்தோஷ் நாராயணனுக்கும் நடுவே அந்தக் குழுவின் பாட்டை வைத்து நண்பர்களுக்கு அனுப்பினால், அந்த ஆண்டு அந்தப் பாட்டு ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

(அடுத்த இதழில்: வில்லியனூர், பாகூர் வழித்தடத் தனியார் பஸ் ஓட்டுநர்களின் பென்டிரைவ்)